ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் துகளின் உந்தக் கணக்கு இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கலாம்

சுங்கை சிப்புட்டில் நான் டியூஷன் எடுக்கும் கடைவீட்டு மாடிக்குக் கீழே ஒரு மோட்டார் பட்டறை. ஸ்டார்ட் ஆகாத வண்டியை யாராவது தள்ளிக்கொண்டு வந்தால், பட்டறை அண்ணன் முதலில் வண்டியை ஆட்டி எண்ணெய் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அப்புறம் பிளக். இன்ஜினைப் பிரிப்பது கடைசிக் கடைசியாகத்தான். செமஸ்டர் விடுமுறைக்குத் தோட்டத்து வீடுகளுக்குத் திரும்பும் முதலாண்டுப் பிள்ளைகள் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிற சார்பியல் கணக்குகளுக்கும் அதே வரிசைதான் சரிப்படுகிறது. வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், பழுது மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

தியரி இங்கே கிடையாது, அது உங்கள் லெக்சர் நோட்டில் இருக்கிறது. உங்கள் விடை எப்படித் தப்பாக வந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

சொற்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, என்னிடம் வந்து தமிழில் கேட்கிறீர்கள். உந்தம் என்றால் மொமெந்தம். கணத்தாக்கு என்றால் இம்புல்ஸ், அதாவது விசை × நேரம். நிறை என்றால் ஜிசிம், நான் எழுதும் இடமெல்லாம் ஓய்வு நிறைதான், அதாவது துகள் நின்றிருக்கும்போது உள்ள நிறை. சி என்பது ஒளிவேகம், நொடிக்கு 299,792,458 மீட்டர். பீட்டா என்பது வேகம் ÷ சி. காமா என்பது 1 ÷ √(1 − பீட்டா²).

நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியவை: எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் (நிறை × சி²) 0.511 எம்இவி (10 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் = 1 எம்இவி), எலக்ட்ரானின் கனமான உறவான மியுவான் 105.66 எம்இவி, புரோட்டான் 938.27 எம்இவி. உந்தத்தில் 1 எம்இவி/சி என்பது 5.344 × 10⁻²² கிலோகிராம் மீட்டர்/நொடி.

## அறிகுறி 1: வேகம் சி-யைத் தாண்டிவிட்டது

இதுதான் அதிகம் வருவது, கண்டுபிடிக்கவும் இதுதான் சுலபம். விடையே கத்திச் சொல்லிவிடுகிறது.

அரைப்பங்கு நிறை வேக வர்க்கம் போட்டீர்களா? 10 லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானுக்கு இயக்க ஆற்றல் 1 எம்இவி. பள்ளிச் சூத்திரத்தில் போட்டால் வேகம் 1.98 சி என்று வரும். சோதனை ஒரே வரி: இயக்க ஆற்றலை ஓய்வு ஆற்றலோடு ஒப்பிடுங்கள். 1-க்கு எதிரே 0.511 நிற்கிறது, ஆகவே பழைய சூத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. சரியான வழி: மொத்த ஆற்றல் 1 + 0.511 = 1.511. அதை 0.511-ஆல் வகுத்தால் காமா 2.957. பீட்டா 0.941. உந்தம் √(1.511² − 0.511²) = 1.422 எம்இவி/சி.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கும் தம்பிகளுக்கு: 1964-இல் இயற்பியலாளர் வில்லியம் பெர்டோசி எலக்ட்ரான்களை 0.5 முதல் 15 எம்இவி வரை ஏற்றி, 8.4 மீட்டர் ஓடவிட்டு நேரம் பார்த்தார். ஆற்றல் 30 மடங்கு ஏறியும் வேகம் சி-யை ஒட்டிக்கொண்டு நின்றதே தவிர தாண்டவில்லை.

கணத்தாக்கை நிறையால் வகுத்து வேகம் எடுத்தீர்களா? மீட்டருக்கு 1 எம்இவி கொடுக்கும் புலத்தில், நின்றிருந்த எலக்ட்ரான் 10 நானோநொடி தள்ளப்படுகிறது. அந்த நேரத்தில் ஒளி 2.998 மீட்டர் போகும், ஆகவே கணத்தாக்கு 2.998 எம்இவி/சி. இதுவரை எல்லாம் சரி. இதை 0.511-ஆல் வகுத்ததும் 5.87 சி வந்து நிற்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: விசை × நேரம் = உந்த மாற்றம் என்பது உடையவே இல்லை. உடைந்தது கடைசிப் படி மட்டும்தான். முழுக் கணக்கையும் கிழித்துப் போடாதீர்கள். உந்தம் கையில் இருக்கிறது, அதிலிருந்து மொத்த ஆற்றல் √(2.998² + 0.511²) = 3.041. பீட்டா = 2.998 ÷ 3.041 = 0.986. முடிந்தது. இந்த எலக்ட்ரானை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்பவும் வருவான்.

இரண்டு வேகத்தை நேராகக் கூட்டினீர்களா? 0.8 சி-யும் 0.7 சி-யும் 1.5 ஆகாது. 1.5-ஐ (1 + 0.8 × 0.7)-ஆல் வகுக்க வேண்டும், 0.96 வரும்.

## அறிகுறி 2: கெல்குலேட்டர் எரர் காட்டுகிறது, அல்லது காமா ஒவ்வொரு தடவையும் ஒரு எண் சொல்கிறது

முதலில் காசு செலவில்லாதது: அடைப்புக்குறி. 1 − பீட்டா² முழுவதும் ரூட்டுக்குள் போயிருக்க வேண்டும். அடுத்தது, வேகத்தைக் கிலோமீட்டரிலும் சி-யை மீட்டரிலும் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். இப்படிப் போட்டால் எரர் வராது. காமா சமர்த்தாக 1 என்று நிற்கும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். எரரைவிட அது மோசம்.

இந்த இரண்டும் சரி, இன்னும் காமா ஆடுகிறது என்றால் பழுது கெல்குலேட்டரில் இல்லை, நீங்கள் உள்ளே போன வாசலில். ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னில் உள்ள பெரிய ஹாட்ரான் மோதியில் 2022 முதல் புரோட்டான்கள் 6.8 டிஇவி (1 டிஇவி = 1000 ஜிஇவி, 1 ஜிஇவி = 1000 எம்இவி) வரை ஏற்றப்படுகின்றன. அதன் பீட்டா 0.9999999905. ஒரு தம்பி அதை 0.99999999 என்று சுருக்கினான், காமா 7071. பக்கத்தில் இருந்தவன் ஒரு ஒன்பதைக் குறைத்து 0.9999999 என்று போட்டான், காமா 2236. மூன்றாமவன் பெருந்தன்மையாக 1 என்றே போட்டான், எரர். மூவரும் என் மேசையில் வரிசையாக கெல்குலேட்டரை வைத்துவிட்டு, "சார், எது சார் சரி?" என்றார்கள். எதுவும் இல்லை. ஆற்றலால் போனால், இரண்டையும் ஜிஇவியில் வைத்து ஒரே வகுத்தல்: 6800 ÷ 0.93827 = 7247.

அந்தப் புரோட்டானுக்கும் ஒளிக்கும் உள்ள வேக வித்தியாசம் நொடிக்கு 2.85 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் தாத்தாமார்கள் பால்வாளி கட்டிக்கொண்டு மிதித்த சைக்கிள் போகிற வேகம். நொடிக்கு 30 கோடி மீட்டர் என்ற எண்ணின் வாலில் இருக்கும் சைக்கிள் அளவுத் துணுக்கில்தான் முழு உந்தமும் ஒளிந்திருக்கிறது. அதைச் சுருக்கினால் என்ன மிஞ்சும்? அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம்: ஆற்றலோ உந்தமோ கொடுத்திருந்தால் வேகத்தைத் தொடக்கூடாது. கேள்வி வேகத்தைக் கேட்டால் மட்டும், கடைசி வரியில்.

கேள்வியே வேகத்தை மட்டும் கொடுத்தால் என்ன செய்வது? 1 − பீட்டா² என்பதை (1 − பீட்டா) × (1 + பீட்டா) என்று பிரித்து, முதல் அடைப்பைக் கையால் கழித்து எழுதுங்கள். 9.5 × 10⁻⁹ என்று கையால் எழுதியதை கெல்குலேட்டரால் தின்ன முடியாது.

## அறிகுறி 3: விடை பல மடங்கு தள்ளி நிற்கிறது

இங்கே யோசிக்காதீர்கள், வகுத்துப் பாருங்கள். உங்கள் விடையையும் புத்தக விடையையும் ஒன்றால் ஒன்றை வகுத்து, வருகிற எண்ணைப் பாருங்கள். எந்த எண்ணோ அதுவே குற்றவாளியின் பெயர்.

3 × 10⁸ வந்தால் ஒரு சி காணாமல் போயிருக்கிறது. 9 × 10¹⁶ வந்தால் இரண்டு.

1.602 × 10⁻¹³ என்றால் எம்இவியை ஜூலாக மாற்ற மறந்தீர்கள், அல்லது இரண்டு தடவை மாற்றினீர்கள். 5.344 × 10⁻²² என்றால் இரண்டு விடையும் சரிதான், அலகு மட்டும் வேறு. இதற்காக ஒரு ராத்திரி தூங்காமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

1000 வந்தால் எம்இவியும் ஜிஇவியும் கலந்துவிட்டன. 1836 வந்தால் எலக்ட்ரானுக்குப் புரோட்டானின் நிறையைப் போட்டிருக்கிறீர்கள்.

காமாவே வந்தால் ஒன்று காமாவை விட்டுவிட்டீர்கள், இல்லையென்றால் இரண்டு தடவை பெருக்கிவிட்டீர்கள். இரண்டாவது எப்படி நடக்கும் என்றால், "ஓடும்போது நிறை கூடும்" என்று பழைய புத்தகத்தில் படித்து, நிறையை ஒருமுறை காமாவால் பெருக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் உந்தச் சூத்திரத்திலும் ஒரு காமா போடுவதால். அந்தப் பேச்சை விட்டுத்தொலையுங்கள், நிறையை நிறையாகவே இருக்க விடுங்கள். காமாவின் வர்க்கம் வந்தால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

வெறும் 2 வந்தால் துகள் மோதி ஒட்டிக்கொண்டதா, திரும்பி வந்ததா என்று கேள்வியை மறுபடி படியுங்கள். அதே வேகத்தில் திரும்பி வந்தால் கணத்தாக்கு இரு மடங்கு.

## அறிகுறி 4: கொஞ்சம்தான் தள்ளி இருக்கிறது, ஐந்து பத்து விழுக்காடு

பல மடங்கு தவறைவிட இது ஆபத்து, ஏனென்றால் ரவுண்டிங் என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும்.

பெரும்பாலும் மொத்த ஆற்றல் இருக்க வேண்டிய இடத்தில் இயக்க ஆற்றல் உட்கார்ந்திருக்கும். புற்றுநோய் சிகிச்சை முடுக்கியில் வரும் 6 எம்இவி எலக்ட்ரானை எடுங்கள். 6 என்பது இயக்க ஆற்றல். அதையே மொத்தமாக நினைத்தால் உந்தம் 5.98 எம்இவி/சி. சரியானது √(6.511² − 0.511²) = 6.49. எட்டு விழுக்காடு குறைவு. இதே தவறை 6.8 டிஇவி புரோட்டானில் செய்தால் யாருக்கும் தெரியாது, 6800-இல் 0.938 எங்கே தெரியப்போகிறது! ஆகவே பெரிய ஆற்றல் கணக்கில் விடை சரியாக வந்தது என்பதை வைத்து உங்கள் முறை சரி என்று முடிவு கட்டாதீர்கள். முறையைச் சோதிக்க இயக்க ஆற்றலும் ஓய்வு ஆற்றலும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் இடத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். தப்பான முறை அங்கேதான் அம்பலமாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 250 எம்இவி புரோட்டானுக்குப் பழைய சூத்திரம் உந்தம் 685 எம்இவி/சி என்கிறது, சரியானது 729. வேகம் சி-யில் 14 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் நியூட்டனின் உந்தம் ஒரு விழுக்காட்டுக்குள் சரியாக நிற்கும்.

## அறிகுறி 5: கணத்தாக்கும் உந்த மாற்றமும் ஒத்துப்போகவில்லை

இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், மெதுவாகப் போவோம்.

ஒரே காமாவை இரண்டு முனைக்கும் போட்டது. போன விடுமுறையில் ஒரு தங்கச்சி கொண்டு வந்த தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. மளிகைக் கடை ரசீதின் பின்பக்கம். எலக்ட்ரான் 0.9 சி-யிலிருந்து 0.99 சி-க்குப் போகிறது, கணத்தாக்கு எவ்வளவு என்பது கேள்வி. தாளின் தலையில் அழகாக "காமா = 7.09" என்று எழுதி, பெட்டி கட்டி, அடியில் சிவப்புக் கோடும் போட்டிருந்தாள். அடுத்த வரி 7.09 × 0.511 × (0.99 − 0.9). விடை 0.326. அவள் கணக்கில் எழுத்துப்பிழைகூட இல்லை. அந்தப் பெட்டிதான் பிழை. 0.99 சி-க்குக் காமா 7.09, ஆனால் 0.9 சி-க்கு 2.29. இரண்டு முனையிலும் தனித்தனியாக உந்தம் எடுத்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும்: காமா × பீட்டா முதலில் 2.065, பிறகு 7.018. வித்தியாசம் 4.953, அதை 0.511-ஆல் பெருக்க 2.53 எம்இவி/சி. அவள் விடையைப்போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு, நியூட்டன் சொல்வதைப்போல் 55 மடங்கு. இப்போது பிள்ளைகளைக் காமாவுக்குப் பெட்டி கட்ட விடுவதில்லை. காமா முன், காமா பின் என்று இரண்டு பத்தியாகத்தான் எழுதச் சொல்கிறேன்.

விசையை முடுக்கத்தால் எடுத்தது. விசை = நிறை × முடுக்கம் என்று போனால் எந்தத் திசையில் தள்ளுகிறீர்கள் என்று கேட்டாக வேண்டும். ஓடும் திசையிலேயே தள்ளினால் காமாவின் கனம் சேரும், பக்கவாட்டில் தள்ளினால் ஒரே ஒரு காமா. முன்பு வகுத்துப் பார்த்தபோது காமாவின் வர்க்கம் வந்ததென்றால் திசையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். என் சொந்த அபிப்பிராயம்: முடுக்கத்தின் பக்கமே போகாதீர்கள். முன்னும் பின்னும் உந்தம் தெரிந்தால் கழித்துவிட்டுப் பசியாறப் போகலாம்.

வேகம் மாறவில்லை, ஆகவே கணத்தாக்கு சைபர் என்றது. காந்தம் துகளை வளைக்கும்போது வேகம் அப்படியே இருக்கும், திசை மாறும். உந்தத்துக்குத் திசை உண்டு. 90 பாகை வளைத்தால் கணத்தாக்கின் அளவு உந்தம் × √2. பல சிகிச்சை முடுக்கிகளில் கற்றையை 270 பாகை சுற்றிக் கீழே இறக்கும் காந்தம் இருக்கிறது. முக்கால் வட்டம் சுற்றினாலும் உள்ளே வந்த திசையும் வெளியே போன திசையும் செங்குத்துதான், ஆகவே மொத்தக் கணத்தாக்கு அதே √2. நம் 6 எம்இவி எலக்ட்ரானுக்கு 6.49 × 1.414 = 9.18 எம்இவி/சி.

வட்டப்பாதைக் கணக்கில் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: எலக்ட்ரான், புரோட்டான் போல ஓர் அலகு மின்னூட்டம் உள்ள துகளுக்கு, ஜிஇவி/சி-யில் உந்தம் = 0.3 × டெஸ்லாவில் காந்தப்புலம் × மீட்டரில் ஆரம். காமா எதுவும் சேர்க்க வேண்டாம், எந்த வேகத்துக்கும் இது பொருந்தும். பெரிய ஹாட்ரான் மோதியின் வடிவமைப்பு எண்களைப் போட்டுப் பாருங்கள்: 8.33 டெஸ்லா, வளைவு ஆரம் 2804 மீட்டர். 7000-ஐ ஒட்டி வரும், அதாவது 7 டிஇவி.

கடிகாரம் மாறிவிட்டது. இது நானே விழுந்த குழி. மேலே 10 நானோநொடி தள்ளப்பட்ட எலக்ட்ரானை நினைவிருக்கிறதா? ஒருமுறை அதே மாதிரிக் கணக்கில் நேரம் 4.21 நானோநொடி என்று கொடுத்திருந்தார்கள். நான் பெருக்கினேன், 1.26 எம்இவி/சி. புத்தகம் 3.00 என்றது. புத்தகம் தப்பு என்று முடிவு கட்டி, கரும்பலகையில் பிள்ளைகள் முன்னால் சத்தமாகச் சொல்லியும்விட்டேன். ராத்திரி மனம் கேட்காமல், பினாங்கில் விரிவுரையாளராக இருக்கும் பழைய சிநேகிதனைக் கூப்பிட்டேன். அவன் கணக்கைக் கேட்கவே இல்லை. "யார் கையில கட்டின கடிகாரம்டா அது?" என்றான். அவ்வளவுதான். 4.21 என்பது எலக்ட்ரானோடு ஓடும் கடிகாரத்தின் நேரம், நமது ஆய்வகக் கடிகாரத்தில் அது 10. விசையை ஆய்வகத்தில் அளந்தால் நேரத்தையும் ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும். மறுநாள் அதே கரும்பலகையில் அதே பிள்ளைகள் முன்னால் திருத்தி எழுதினேன். மியுவானின் 2.2 மைக்ரோநொடி ஆயுளும் அதனோடு ஓடும் கடிகாரத்தில் அளந்ததுதான், அதை வைத்து இதே குழியில் விழுகிறவர்கள் நிறைய.

## அறிகுறி 6: ஃபோட்டானுக்கு உந்தம் சைபர், அல்லது எரர்

காமா சூத்திரத்தை மூடி வையுங்கள். நிறை சைபர், காமா முடிவிலி, பெருக்கினால் ஒன்றும் கிடைக்காது. உந்தம் = ஆற்றல் ÷ சி. 2 எம்இவி ஃபோட்டானுக்கு 2 எம்இவி/சி. வேறு வேலை இல்லை.

## எப்போது பெரியவர்களைக் கூப்பிடுவது

விசை நேரத்தோடு மாறினால் உடனே பயப்பட வேண்டாம். நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உந்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம், எக்செல் போதும். வேகத்தைக் கூட்டக்கூடாது, உந்தத்தை மட்டும். துண்டைப் பாதியாக்கினாலும் விடை அசையாவிட்டால் சரி. அசைந்துகொண்டே இருந்தால், அதுவும் காந்தப்புலமும் மின்புலமும் சேர்ந்து சுற்றும் கணக்கென்றால், இப்படிப்பட்ட பாதைகளைத் துண்டு துண்டாகக் கணிக்கும் போரிஸ் முறை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் மிச்சம்.

எலக்ட்ரானை அதிக ஆற்றலில் வட்டமாக ஓட்டினால் அது ஒளியைச் சிந்திக்கொண்டே போகும், உந்தம் ஒழுகும். இப்போது பெரிய ஹாட்ரான் மோதி இருக்கும் அதே சுரங்கத்தில் 2000 வரை ஓடிய லெப் முடுக்கியில், 100 ஜிஇவி எலக்ட்ரான் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3 ஜிஇவி இழந்தது. மேலே சொன்ன எதுவும் இந்த ஒழுக்கைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே முடுக்கி இயற்பியல் படித்தவர் வேண்டும்.

ஆஸ்பத்திரி முடுக்கியை நான் எடுத்துக்காட்டுக்காக மட்டும் எடுத்தேன். நிஜமான ஒரு நோயாளிக்கு எவ்வளவு கதிர் என்ற கேள்வி வீட்டிலிருந்து யாராவது கேட்டால், கெல்குலேட்டரைத் தொடாதீர்கள். அது மருத்துவ இயற்பியலாளரின் வேலை. என்னையும் கேட்காதீர்கள்.

விரிவுரையாளருக்கு வாட்ஸப் அனுப்பும்போது "விடை வரல சார்" என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது, வந்தாலும் திட்டுதான் வரும். கேள்வியின் படம், எந்த அலகில் போட்டீர்கள், காமா முன், காமா பின், உங்கள் விடை, புத்தக விடை, இரண்டையும் வகுத்து வந்த எண். இத்தனையையும் எழுதும்போது பாதிப் பேர் அனுப்பாமலே அழித்துவிடுகிறார்கள். அந்தத் தங்கச்சி அனுப்பினாள், படத்தில் மூலையில் மளிகைக் கடைக் கணக்கும் தெரிந்தது: சீனி 2 கிலோ, மைலோ ஒன்று.